வாயில்லாததற்கு அளவெடுப்பது

ரவிக்கை கையிடுக்கில் பிடித்தால் தையற்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறோம். செருப்பு கடித்தால் அன்றைக்கே கழற்றி மூலையில் போடுகிறோம். குதிரைக்குச் சேணம் கடித்தால், பாவம், அது என்ன செய்யும்? காதைப் பின்னுக்கு மடக்கும், வாலை விசிறும், பொறுக்க முடியாமல் போனால் உதைக்கும். உடனே, "பொல்லாத குதிரை!" என்று பட்டம் கட்டிவிடுவார்கள்.

அமெரிக்காவில் 'மினியேச்சர்' குதிரை என்று ஓர் இனம் உண்டு. 1978-ல் அங்கே ஏற்பட்ட சங்கத்தின் விதிப்படி, பிடரி மயிர் முடிகிற இடத்தில் அளந்தால் 34 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நம் சாப்பாட்டு மேஜையைவிடச் சற்றே உயரம், அவ்வளவுதான்! பெரியவர்கள் இதன் முதுகில் ஏறலாகாது. ஆனால் சின்ன இரட்டைச் சக்கர வண்டி என்றால் ஜோராக இழுக்கும். மூன்று வயதாவது ஆனபிறகுதான் பூட்டுவார்கள். பெண்களும் பிள்ளைகளும்கூட ஓட்டுகிறார்கள்.

இதற்குச் சேணம் வாங்குவதில்தான் சூட்சுமம். மூத்தவளின் பாவாடையைப் பிடித்துத் தைத்து இளையவளுக்குப் போடுகிறோமே, அந்தச் சிக்கனம் இங்கே உதவாது. மட்டக் குதிரையின் வாரில் நாலு துளை கூடுதலாகப் போட்டு மாட்டினால், 'பக்கிள்' வரக் கூடாத இடத்தில் வந்து உறுத்தும்.

முதலில் மார்புப் பட்டை. வண்டியின் பாரம் முழுவதும் இதில்தான். மேலே ஏறினால் மூச்சுக் குழாயை நெரிக்கும். கீழே இறங்கினால் தோள் மூட்டைத் தடுக்கும். இரண்டுக்கும் நடுவே படிய வேண்டும். அதிலிருந்து வண்டிக்குப் போகும் இழுவார், கோடு போட்டாற்போல் நேராக இருக்க வேண்டும்.

முதுகுச் சேணத்தின் இரண்டு மெத்தைகளும் முதுகெலும்புக்கு இரு புறமும் உட்கார வேண்டும். எலும்பைத் தொடவே கூடாது. வால்வார் போடும்போது வால் மயிரை ஒன்று விடாமல் வெளியே எடுத்துவிடுங்கள். ஒரு கற்றை சிக்கினாலும் போதும், குத்தல் தாங்காமல் குதிரை துள்ளும்.

அடுத்தது பின்பட்டை. இதுதான் 'பிரேக்'. சரிவில் வண்டி தானாக உருண்டு குதிரையின் மேல் வரும்போது தாங்கிக்கொள்வது இதுவே. மிகவும் மேலே இருந்தால் வாலுக்கடியில் நழுவும். மிகவும் கீழே இருந்தால் காலை வாரிவிடும். பிட்டத்து எலும்புக்குச் சற்றுக் கீழே இருப்பது சரி. இழுவார் விறைப்பாக இருக்கும் சமயம், பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும்.

கடிவாளத்தின் கண்பட்டை இமை மயிரில் உரசக் கூடாது. வாயிரும்பு பெரும்பாலும் மூன்றரை அங்குலம் இருக்கும். ஆனாலும் அந்தந்தக் குதிரையின் வாயை அளந்தே வாங்க வேண்டும்.

தலையைத் தூக்கி நிறுத்தும் வார் ஒன்று உண்டு. கண்காட்சியில் கம்பீரமாகத்தான் இருக்கும்! ஆனால் மேட்டில் பாரம் இழுக்கும் குதிரை தலையைத் தாழ்த்தினால்தானே உடம்பின் பலத்தைக் கொடுக்க முடியும்? இந்த அநியாயத்தை ஊரறியச் செய்தவர் ஒரு பெண்மணி. பதினான்கு வயதில் காலில் அடிபட்டு, பிறகு குதிரை வண்டியையே நம்பி வாழ்ந்த ஆங்கிலேய மாது அன்னா சூவெல். 1877-ல் வெளியான 'பிளாக் பியூட்டி' நாவலில், குதிரையே தன் கதையைச் சொல்வதுபோல் எழுதினார். மினியேச்சர் குதிரைக்குப் புல் கிட்டத்தில் இருப்பதால், போகிற போக்கில் மேயாமலிருக்க இந்த வாரைப் போடுவார்கள். போட்டாலும் தளர்த்தியே போட வேண்டும்.

பூட்டுவதற்கும் முறை உண்டு. முதலில் இழுவார், பிறகு பின்பட்டை. அவிழ்க்கும்போது முதலில் பின்பட்டை, கடைசியில் இழுவார். வண்டி பூட்டியிருக்கும்போது கடிவாளத்தை மட்டும் கழற்றவே கூடாது. கண்பட்டை விலகியதும் பின்னால் ஏதோ துரத்துவதுபோல் தெரியும். குதிரை மிரண்டு ஓடும். பிடித்து நிறுத்தக் கையில் லகானும் இராது. வண்டியில் குழந்தை உட்கார்ந்திருந்தால்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது அல்லவா?

தோல் வாரானால் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். 'நைலான்' மலிவு, ஆனால் அதன் ஓரம் தோலை அறுக்கும், ஆபத்தில் சுலபமாக அறாது.

எல்லாம் அவிழ்த்த பிறகு, வார் படிந்த இடமெல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். எங்கே மயிர் தேய்ந்திருக்கிறது? எங்கே தொட்டால் உடம்பு சிலிர்க்கிறது? வாயில்லா ஜீவன் எழுதும் புகார்க் கடிதம் அதுதான். அடுத்த முறை பூட்டுவதற்குள் அதைப் படித்து, வாரைச் சரி செய்துவிட வேண்டும்.