பழைய தமிழ்க் கோப்புகளை யார் மீட்பது?

நெடுநாள்களுக்குப் பிறகு எழுதுகிறேன். இன்று எழுதுவது கணினியைப் பற்றியதே எனினும், பெற்றோரும் சக ஆசிரியர்களும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

புக்கிட் மேராவில் எங்கள் புளோக்கிற்கு இரண்டு புளோக் தள்ளி, பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வசிக்கிறார். நான் பயிற்சி ஆசிரியராக முதன்முதலில் வகுப்பறைக்குள் நுழைந்தபோது எனக்கு வழிகாட்டியவர். சென்ற பள்ளி விடுமுறையில் என்னை அழைத்து, "1998 முதல் 2009 வரை நான் தயாரித்த பயிற்சித்தாள்கள், கதைகள் எல்லாம் கிடக்கின்றன. ஒன்றையும் படிக்க முடியவில்லை. என்னவென்று பாரேன் அம்மா" என்றார். ஏறத்தாழ நானூறு கோப்புகள். அவை அவருடைய மகன் பொருத்தித் தந்த சேமிப்புப் பெட்டி ஒன்றில் இருந்தன.

பழைய எஃப்.டி.பி. செயலி ஒன்றின் வழியாக அவற்றை என் மடிக்கணினிக்கு இறக்கினேன். வேர்டு கோப்புகள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. "பழையவை, கெட்டுப்போயிருக்கும்" என்று அங்கேயே விட்டிருப்பேன். ஏதோ ஓர் எண்ணத்தில் அளவை ஒப்பிட்டேன். என் கணினியில் இருந்தவை மூலக்கோப்புகளைவிடச் சற்றே பெரியனவாக இருந்தன. நகல் மூலத்தைவிடப் பெருக்கலாமா? எஃப்.டி.பி.யில் உரை முறை, இரும முறை என இருவகைப் பரிமாற்றம் உண்டு. வரி முடிவை யூனிக்ஸ் வகைக் கணினி 10 என்ற ஒற்றை எண்ணால் குறிக்கும். விண்டோஸ் 13, 10 என்ற இரண்டால் குறிக்கும். உரை முறையில் அனுப்பினால், செயலி உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு ஒவ்வொரு 10க்கு முன்னும் ஒரு 13ஐச் செருகிவிடும். வெற்று உரைக்கு அது நன்மை. வேர்டு கோப்பிற்கோ நஞ்சு. இரும முறைக்கு மாற்றி மீண்டும் இறக்கினேன். அளவு பொருந்தியது; கோப்புகளும் திறந்தன.

திறந்தால் தமிழ் இல்லை. தொப்பி வைத்த, புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசை வரிசையாக நின்றன. இதன் காரணம் மூத்த ஆசிரியர்களுக்குத் தெரியும். ஒருங்குறி பரவும் முன்னர், 256 இடங்களே கொண்ட அட்டவணையின் மேல்பாதியில் ஒவ்வொருவரும் தமிழைத் தம் விருப்பப்படி அமர்த்தினர். தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய நா. கோவிந்தசாமியின் கணியன், முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், திஸ்கி, 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தாம், தாப் எனப் பல வழிகள். திஸ்கியில் 171 என்பது 'அ'. மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் அதே 171 ஒரு மேற்கோள்குறி. இவ்வேறுபாடுகளைத் தீர்க்கவே 1997இல் இங்குச் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. 2000இல் உத்தமம் அமைப்பும் இங்கேயே தோன்றியது. இன்று ஒருங்குறியில் 'அ' எங்கும் 2949தான். ஆனால் பழைய கோப்புகள் தாமாக மாறிவிடுவதில்லை.

ஆகவே பைத்தான் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினேன். (பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம் என்பதைப் பலர் அறியார்.) முதல் முயற்சியில் 'கேள்வி' என்ற சொல்லில் ஏகாரக் கொம்பு முன்னால் தனித்து, புள்ளிவட்டத்துடன் நின்றது. திஸ்கி, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பை முதலில் வைக்கும். ஒருங்குறி 'க'வை முதலில் வைக்கும். இடம் மாற்றும் வரிகளைச் சேர்த்தேன். சில தாள்களைப் பார்த்தேன், அழகாக வந்திருந்தன. மகிழ்ச்சியோடு நானூற்றையும் ஓட்டி, சில பக்கங்களை அச்சிட்டு ஐயாவிடம் கொடுத்தேன்.

ஐந்தாறு தாள்களைப் புரட்டியவர் ஒன்றில் நின்றார். "இது என் தாள் இல்லையே அம்மா. எழுத்தெல்லாம் தமிழ்தான். ஒரு சொல்கூடத் தமிழில்லை."

கணினி ஒரு பிழையும் சொல்லவில்லை என்பதே எனக்கு அதிர்ச்சி. 2003க்குப் பிந்தைய கோப்புகள் தாப் முறையில் இருந்தன. நிரலின் தலைப்பில் 'குறிமுறை' என்றொரு மாறிக்குத் திஸ்கி என மதிப்பிட்டிருந்தேன். கோப்பின் எழுத்துருவைச் சோதிக்கும் செயற்கூற்றுக்குள், தேவைப்பட்டபோது 'குறிமுறை'யைத் தாப் என மாற்றினேன். மாற்றியதாக எண்ணினேன் என்பதே சரி. பைத்தானில் செயற்கூற்றுக்குள் ஒரு பெயருக்கு மதிப்பிட்டால், அது அச்செயற்கூற்றுக்கு மட்டுமே உரிய புதிய மாறியாகிவிடும். வெளியில் உள்ள 'குறிமுறை' அசையாமல் திஸ்கியாகவே இருந்தது. மூன்றாம் வகுப்பில் புதிய வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுத்தால் ஐந்தாம் வகுப்பின் தலைவர் மாறிவிடுவாரா? பெயர் ஒன்று, அறை வேறு. 'குளோபல்' என்று அறிவித்தும் இதைத் தீர்க்கலாம். நான் மதிப்பை 'ரிட்டர்ன்' மூலம் வெளியே தரச் செய்தேன், அதுவே தூய்மையானது. பி.எச்.பி.யில் வெளி மாறி செயற்கூற்றுக்குள் தெரியவே தெரியாது. பாஷில் 'லோக்கல்' என்று சொல்லாவிட்டால் எல்லாமே பொது. மொழிக்கு மொழி வேறு வழக்கு.

எண்ணிப் பார்த்தால் 171இன் சிக்கலும் இதுவே. ஓர் எண் எந்த எழுத்துருவின் எல்லைக்குள் நிற்கிறது என்று தெரியாவிட்டால் அதற்குப் பொருள் இல்லை.

இனி என் கருத்துக்கு வருகிறேன். இப்பணியைக் கணினி நிறுவனத்திடமோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிடமோ கொடுத்துவிடலாமே என்று நண்பர்கள் சொல்கின்றனர். நிரலை அவர்கள் என்னைவிட நன்றாகவே எழுதுவர், ஐயமில்லை. விளைவைச் சரிபார்ப்பவர் யார்? இரும எண்கள் கெடாமல் வந்தன, நிரல் பிழையின்றி ஓடியது, தமிழ் எழுத்துகளும் தெரிந்தன. மூன்று சோதனைகளிலும் தேறிய குப்பையை ஒரு தமிழாசிரியரின் கண்தான் பிடித்தது. ஆகவே இது நம் வேலை. நிரல் எழுதத் தெரியாவிட்டாலும், அச்சிட்ட தாள்களைப் படித்துச் சொல்வது நம்மால் மட்டுமே ஆகும். அத்தாள்களை எழுதியவர்கள் அருகில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலையும்கூட.

பெற்றோருக்கும் ஒரு சொல். 2020 முதல் உயர்தொடக்கநிலை மாணவர் அனைவருக்கும் 'கோட் ஃபார் ஃபன்' திட்டத்தின்கீழ் நிரலாக்கம் கற்பிக்கப்படுகிறது. ஸ்கிராட்ச்சில் பிள்ளை ஒரு மாறியை உருவாக்கும்போது, 'எல்லா உருக்களுக்குமா, இந்த உருவுக்கு மட்டுமா' என்று அது கேட்கும். பெரும்பாலான பிள்ளைகள் படிக்காமலே தட்டிவிடுகின்றனர். "ஓடிச்சா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "நீ எதைத் தேர்ந்தெடுத்தாய், ஏன்?" என்று தமிழிலேயே கேட்டுப் பாருங்கள். நாற்பது வயதுக்கு மேல் நான் தடுக்கி விழுந்த இடம் அது.

ஐயாவின் கோப்புகளில் முப்பத்தேழு இன்னும் மிச்சம். எந்த எழுத்துருவில் எழுதினார் என்பது அவருக்கே நினைவில்லை. அந்த எழுத்துருக் கோப்பும் பழைய கணினியோடு போய்விட்டது. உங்களிடம் பழைய தட்டுகள் இருந்தால், ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத்துருக்களை அழித்துவிடாதீர்கள். அவற்றையும் அதே உறையில் போட்டு, பெயரை வெளியே எழுதி வையுங்கள்.