மாடல் ரயிலுக்கு சுவிட்சர்லாந்து எதுக்கு? போடி இருக்கே!

மாடல் ரயில் வைக்கிற நம்மாளுங்க வீடியோ பார்த்திருக்கீங்களா? பலகை மேல ஆல்ப்ஸ் மலை, பனி, கூம்பு வச்ச சர்ச். கடையில கிடைக்கிற கிட் அப்படின்னு சொல்வாங்க, சரி. ஆனா ஆறடிப் பலகையில சிமெண்ட் ஆலை, பால் பண்ணை, மரக்கடை, எண்ணெய் டிப்போன்னு ஏழு தொழிற்சாலையைத் திணிக்கிறதுக்கு கிட் என்ன பண்ணும்?

என் கட்சி இதுதான்: சின்ன லேஅவுட் போடறவங்க மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர்கேஜ் பாதையை எடுத்துக்கணும். 1928ல வந்த பாதை, சுமார் 90 கிலோமீட்டர். அகலப்பாதையா மாத்தறதுக்காக 2010 கடைசியில மூடினாங்க. தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022ல, போடிக்கு 2023ல. பழைய மீட்டர்கேஜ் போடியை இனி பலகை மேலதான் பார்க்க முடியும்.

அளவும் நமக்கு சாதகம். ஹெச்.ஓ. அளவுன்னா நிஜத்துல 87ல ஒரு பங்கு. அந்தக் கணக்குல நம்ம அகலப்பாதை 19 மில்லிமீட்டருக்கு மேல வரணும். கடையில கிடைக்கிறதோ 16.5. அது வெளிநாட்டு ஸ்டாண்டர்ட் கேஜுக்கு உண்டான தண்டவாளம். மீட்டர்கேஜுக்கு 11.5 வரும், சுவிஸ் குறும்பாதைக்காக விக்கிற 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிட்டத்தட்ட அப்படியே பொருந்திடும். (சுவிட்சர்லாந்து இதுக்கு மட்டும் தேவை :-) )

அடுத்தது சரக்கு. இன்னிக்கு ரயில்வே முழு ரேக்கா ஏத்தறதைத்தான் விரும்புது. ஒரு ரேக் 600 மீட்டருக்கு மேல, மாடல்ல ஏழு மீட்டர். உங்க ஹாலை விட நீளம்! 80கள்ல இருந்துதான் ரயில்வே இந்தப் பக்கம் போச்சு, அதுக்கு முன்னாடி ஒத்தை வேகன்கூட புக் பண்ணலாம். அதனால கதையை 70கள்ல வைங்க. ரெண்டு பெட்டி, நாலு சின்ன வேகன் சேர்ந்த கலப்பு ரயில் ஒரு மீட்டருக்குள்ள அடங்கிடும். மீட்டர்கேஜ் பெட்டி ஒண்ணு 22 சென்டிமீட்டர்தான்.

போடின்னாலே ஏலக்காய், அதனால ஏலக்காய்க் குடோன் ஒண்ணு போட்டுடலாம்னு தோணும். காமர்ஸ் படிக்கிறவன் புத்தியில பார்த்தா, ஏலக்காய் விலை ஜாஸ்தி, எடை கம்மி. வேகன் நிரப்ப அது லாயக்கில்லை, பார்சல் பெட்டிக்கு சரி. வேகனை நிரப்பறது ஊருக்குள்ள வர்ற அரிசி, உப்பு, உரம், சிமெண்ட். அதனால தொழிற்சாலையே வேண்டாம், ஒரு கூட்ஸ் ஷெட் போதும். ஒரு ஆலைக்கு ஒரு சரக்குதான் வரும், கூட்ஸ் ஷெட்டுக்கு ஊரே வரும். ரொம்ப ஆசைன்னா பஞ்சு அரைக்கிற ஜின்னிங் ஆலை ஒண்ணு. தேனி பஞ்சு வியாபாரத்துக்குப் பேர் போன ஊர்தானே.

போடி கடைசி ஸ்டேஷன்ங்கறது இன்னொரு லாபம். வந்த எஞ்சினைக் கழட்டி, லூப் வழியா சுத்தி மறுபக்கம் மாட்டணும். நடுவுல வேகனை ஷெட்டுக்குத் தள்ளணும். அரை மணி நேரம் கைக்கு வேலை இருக்கும். வட்டமா ஓடற ரயில் பத்து நிமிஷத்துல போரடிச்சுடும்.

ரயில் மறையறதுக்கு எல்லாரும் குகை வைப்பாங்க. இங்க தேவையில்லை, ஆண்டிப்பட்டி கணவாய்ல பாறையைக் குடைஞ்ச வெட்டு இருக்கு. அதுக்குள்ள விட்டுட்டா போதும், நடுவுல தேனியை முழுங்கிடலாம்.

மலைக்கு நிறம் அடிக்கும்போது கவனம். எங்க அழகர்கோவில் பக்கம் ரயில் கிடையாது, ஆனா மலை இருக்கு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அப்புறம் கொஞ்ச நாள் பச்சை, சித்திரையில காவியும் சாம்பலும்தான். கணவாய் பக்கமும் அந்த நிறம்தான் எடுபடும். டப்பாவுல விக்கிற பச்சைப் புல்லைத் தூவிடாதீங்க. செம்மண்ணைச் சலிச்சு பசையில ஒட்டுங்க, மேல முள்ளுக்கு தேங்காய் நார். போடிக்குப் பின்னாடி நிக்கிற மேற்குத் தொடர்ச்சி மலையை மட்டும் நீலமா, தூரமா வரைங்க. மழை மேகம் அங்கதான் நிக்கணும், ஷெட் முன்னாடி மாட்டு வண்டி வெயில்லதான் நிக்கணும்.