தும்பையைப் பிடுங்குகிறவர்கள்

எங்கள் அபார்ட்மென்டில் 'பட்டாம்பூச்சித் தோட்டம்' என்று ஒரு பலகை இருக்கிறது. அதன் கீழே வரிசையாகத் தொட்டிகளில் அடுக்குப் பெட்டூனியா. செல்ஃபிக்கு அருமையான பூ. ஆனால் அடுக்கு ரகங்களில் மகரந்தம் தரவேண்டிய கேசரங்களே பெரும்பாலும் இதழ்களாக மாறியிருக்கும். தேனீக்கு அது பூட்டிய கடை.

பத்தடி தள்ளி, காம்பவுண்டுச் சுவரோரம், ஐப்பசி மழைக்கு யாரும் விதைக்காமலே தும்பை முளைத்தது. கணுவுக்குக் கணு வெள்ளைப் பூ. காலையில் நீலப்பட்டைத் தேனீ வந்து, பூப்பூவாகத் தாவிப் போகும். மார்கழியில் ஒருநாள் பார்த்தால் அத்தனையும் குப்பைப் பையில்.

தோட்டக்காரரிடம் சண்டைக்குப் போனேன்.

"தும்பைன்னு எனக்குத் தெரியாதா சார்? சின்ன வயசுல தேன் உறிஞ்சின பூவு. கிளீனா இருக்கணும்னு மீட்டிங்ல நீங்கதான சொன்னீங்க?"

உண்மைதான். புதர் இருந்தால் பாம்பு வரும் என்று யாரோ சொன்னார்கள். நானும் கை தூக்கினேன். அந்தச் செடியை அறிந்தவரின் கையாலேயே அதைப் பிடுங்க வைத்திருக்கிறோம்.

தும்பை ஒருபருவச் செடி. வேரில் எதையும் சேமிப்பதில்லை. அதன் அடுத்த வருடம் முழுக்க விதையில் இருக்கிறது. விதை உதிர்வதற்கு முன் பிடுங்கினால் பிடுங்கியது ஒரு செடியை அல்ல, வரப்போகும் தலைமுறையை. அந்தத் தேனீயோ மண்ணுக்குள் கூடு கட்டுவது. பூவையும் எடுத்து, மண்ணின் மேல் பேவர் பிளாக்கும் பதித்துவிட்டு, 'இப்பல்லாம் தேனீயே காணோம்' என்று ஸ்டேட்டஸ் போடுகிறோம். யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்காமல் ஒரு ஃபங்ஷனை டெலீட் செய்தால் எங்கள் டீமில் அன்றைக்கே பஞ்சாயத்து. மண்ணில் மட்டும் அதற்குப் பெயர் சுத்தம்.

நம் இலக்கிய நண்பர்களுக்கும் ஒன்று. தொல்காப்பியத்தில் தும்பை ஒரு திணை, போருக்குச் சூடும் பூ என்று அரைமணி நேரம் பேசுவோம். வாசலில் நின்றால் களை என்போம். பெயரைக் காப்பாற்றிவிட்டுச் செடியைக் கொல்வதற்குப் பெயர் பண்பாடா?

'காட்டுப்பூ விதைக் கலவை' என்று ஆன்லைனில் பாக்கெட் வாங்காதீர்கள். காலிமனைத் தும்பையில் காய்ந்த பூங்கொத்து நாலு பறித்து, வெயில்படும் மண்ணில் உதறுங்கள். மேலாகக் கொஞ்சம் தண்ணீர். பிறகு செய்யவேண்டியது ஒன்றுதான், நமக்கு மிகக் கஷ்டமானது: செடி காய்ந்து, அசிங்கமாகி, விதை கொட்டும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பது.

அடுத்த மீட்டிங்கில் அந்தச் சுவரோரத்தைக் கேட்கப்போகிறேன். இந்தமுறை கை தூக்குவது அதற்காக.