உரலில் தேங்கிய மழைத்தண்ணீர்

இந்த வாரம் முழுக்க எனக்கு ஆற்றாமைதான். மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு மருத்துவ முகாமுக்குப் போயிருந்தேன். நாற்பது வயதுப் பெண் ஒருத்திக்கு எடையும் கூடியிருந்தது, சர்க்கரையும் கூடியிருந்தது. "வாயைக் கட்டணும்மா. அரிசியைக் குறைச்சுட்டு சாமை, தினை சாப்பிடு" என்று சொல்லி அனுப்பினார்கள். தலைமுறை தலைமுறையாகச் சாமை விதைக்கும் வீட்டுப் பெண் அவள். ஒன்றும் பேசாமல் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. 2015–16இல் அது 30.9. ஐந்தாறு வருடத்தில் இத்தனை பெண்களுக்கும் சொல்லிவைத்தாற்போல மனவுறுதி குறைந்துவிட்டது என்றால் நான் நம்பமாட்டேன். மாறியது கடை. அதற்குக் கடிவாளம் போட வந்த வரியும் நிலைக்கவில்லை. 2016இல் கேரளம் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீதம் வரி போட்டது. அடுத்த வருடமே ஜிஎஸ்டி வந்து அதை விழுங்கிவிட்டது. 2025 செப்டம்பரில் பிஸ்கட் வரி 18இலிருந்து 5 சதவீதமானது. சாமை அரிசியைப் பொட்டலம் கட்டிப் பெயர் ஒட்டி விற்றாலும் அதே 5.

வரியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பெண்ணோடு அவள் வீடுவரை நடந்தபோது வாசலில் பார்த்த கல்லுரல் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு கோழி குடித்துக்கொண்டிருந்தது.

உரலைப் பற்றி நான் எத்தனை முறை எழுதினேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எழுதவேண்டியிருக்கிறது. கேழ்வரகைக் கதிரடித்தால் நேரே மாவரைக்கலாம். சாமை அப்படியல்ல. கடுகளவு மணி, அதை இறுகப் பற்றிய உமி. குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்தால்தான் சோறு. நெல் அரைக்கும் மில்லில் போட்டால் மணி நொறுங்கும், இல்லையென்றால் உமியோடு வரும்.

"ஒரு படி குத்தறதுக்குள்ள தோள் இத்துப்போவும்மா" என்றார் அவள் மாமியார். "ரேசன் அரிசின்னா ஒலையில போட்டா ஆச்சு. காட்டுவேல பாத்துட்டு வந்து எவ குத்துவா?"

அதனால் சாமை உமியோடு வியாபாரியிடம் போகிறது. எங்கோ தொலைவில் ஆலையில் உமி நீக்கி, தவிட்டையும் சேர்த்துச் சுரண்டி, வெள்ளைவெளேரென்று பட்டணத்துக் கடைக்கு வருகிறது. எந்த நார்ச்சத்துக்காக அதைச் சாப்பிடச் சொன்னார்களோ, அதில் பெரும்பங்கு அந்தத் தவிட்டோடு போய்விடுகிறது. பாலிஷ் போட்ட சாமையைப் பார்த்தாலே எனக்கு வயிறெரியும்.

நானும் சர்க்கரை போடாமல்தான் காபி குடிக்கிறேன், தினமும் நடக்கிறேன். என்னால் முடிகிறது; எனக்கு நேரமும் காசும் இருக்கின்றன. அவளுக்கு இருப்பது இலவச அரிசியும், பெட்டிக்கடையில் சரம்சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பொட்டலமும்தான். 2023இல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகை ரேஷனில் தரத் தொடங்கினார்களே, அதைப்போல மலையில் விளையும் சாமையை அரசே வாங்கி, தவிடு போகாமல் உமி மட்டும் நீக்கி, அந்த மலைக்கே கொடுக்கட்டும். உமி நீக்கும் இயந்திரமும் சந்தை ஊரில் மட்டும் இருந்தால் போதாது. இரண்டு படி சாமையைத் தலையில் வைத்துப் போய்விட்டு, அடுப்பு மூட்டும் நேரத்துக்குள் திரும்பும் தூரத்தில் வேண்டும். அதைச் செய்துவிட்டு அவளிடம் வாயைக் கட்டச் சொல்லுங்கள், நானும் கூடச் சேர்ந்து சொல்கிறேன்.

புறப்படும்போது மாமியார் ஒரு படி சாமையை என் பையில் கொட்டினார், உமியோடு. குத்தித்தர எங்கள் தெருவில் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.