டிராக்டர் சூடாகிறதா? இன்ஜினைப் பிரிக்கும் முன் ரேடியேட்டரைப் பாருங்கள்!

கேள்வி: ‘‘எங்களிடம் 45 ஹெச்.பி டிராக்டர் இருக்கிறது. ஆறு வருடங்களாகப் பிரச்னை இல்லை. இந்தக் குறுவை அறுவடை முடிந்ததும் வைக்கோல் கட்டும் மெஷினை வாடகைக்கு ஓட்டினோம். இப்போது சம்பாவுக்கு ரோட்டவேட்டர் போட்டால், அரை மணி நேரத்தில் மீட்டர் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. டிரெய்லரில் நெல் மூட்டை ஏற்றி ரோட்டில் போனால் சூடாவதில்லை. ‘ஹெட் கேஸ்கட் போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்கணும்’ என்கிறார் மெக்கானிக். நாற்று வேறு முற்றிக்கொண்டிருக்கிறது. என்ன செய்யலாம்?’’

வாசகர், திருத்துறைப்பூண்டி.

பதில்: இன்ஜினைப் பிரிக்க அவசரப்பட வேண்டாம். கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. பளு கூடும்போது மட்டும் சூடாகிறது, ரோட்டில் சூடாவதில்லை. அதுவும் வைக்கோல் வேலைக்குப் பிறகுதான் தொடங்கியிருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேடியேட்டரின் முகத்தில் அடைந்திருக்கும் தூசியைத்தான்.

எரியும் டீசலின் வெப்பத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ரேடியேட்டர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். டிராக்டரின் மின்விசிறி முன்பக்கத்துக் காற்றை இழுத்து, ரேடியேட்டர் தகடுகளின் வழியே இன்ஜின் பக்கம் தள்ளுகிறது. வைக்கோல் தும்பும் பதரும் அந்தக் காற்றோடு வந்து தகடுகளுக்கு இடையில் அப்பிக்கொள்ளும். சேற்றுழவில் தெறிக்கும் சேறு அதன்மேல் காய்ந்தால், பூசிய சுவர்தான். சாதாரண ஓட்டத்துக்குக் கிடைக்கிற காற்று போதும்; ரோட்டவேட்டர் இழுக்கும்போது போதாது.

சுத்தம் செய்யும் முறை: இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு முன்பக்க வலையைக் கழற்றுங்கள். கம்ப்ரசர் காற்றை, விசிறிப் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி அடியுங்கள். முன்னாலிருந்து அடித்தால் தும்பு இன்னும் உள்ளேதான் போகும். காய்ந்த சேறு இருந்தால் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, மெதுவான அழுத்தத்தில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடித்தால் தகடுகள் மடங்கி, அந்த இடத்தில் காற்றே போகாது. பின்னால் ஒரு விளக்கைப் பிடித்து முன்னாலிருந்து பாருங்கள். வெளிச்சம் எல்லா இடத்திலும் தெரிய வேண்டும். வைக்கோல் வேலை நடக்கும் நாள்களில் இதைத் தினமும் செய்ய வேண்டும்.

அதன் பிறகும் சூடானால், செலவில்லாத சோதனைகளை வரிசையாகச் செய்யுங்கள்.

1. ஃபேன் பெல்ட்: இன்ஜினை நிறுத்திவிட்டு, பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். சுமார் அரை அங்குலம் இறங்கினால் சரி. அதிகமாக இறங்கினாலும், உள்பக்கம் வழவழவென்று பளபளத்தாலும் பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம்.

2. தண்ணீர்: ஆறிய இன்ஜினில் மட்டுமே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் சீக்கிரம் கொதித்து வெளியேறும். உப்பான போர் தண்ணீரையே ஊற்றி வந்திருந்தால், உள்ளே உப்புப் படிவம் கட்டியிருக்கும். முழுவதும் வடித்து, சுத்தம் செய்து, டிராக்டர் கையேட்டில் சொன்ன அளவில் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்றுங்கள்.

3. தெர்மோஸ்டாட்: மீட்டர் சிவப்பில் இருக்கும்போதும் மேல் ஹோஸ் சூடேறாமல் இருந்தால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. கழற்றி, சட்டித் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால், அதன்மேல் பொறித்திருக்கும் வெப்பநிலையை ஒட்டித் திறக்க ஆரம்பிக்கும். பெரும்பாலும் அது 80 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் இருக்கும். திறக்காவிட்டால் புதிது மாற்றுங்கள். ‘எடுத்துப் போட்டுவிட்டு ஓட்டலாம்’ என்பது தவறு. இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராமல் டீசலும் தேய்மானமும் கூடும்.

4. பளு: புகை கறுப்பாக வந்தால், இன்ஜின் திணறுகிறது. ரோட்டவேட்டரின் ஆழத்தைக் குறைத்து, ஒரு கியர் இறக்கிப் பாருங்கள்.

மெக்கானிக் சொல்வதையும் ஒதுக்கிவிட முடியாது. ஹெட் கேஸ்கட்டைக் கழற்றாமலே சோதிக்கலாம். ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். தொடக்கத்தில் ஒன்றிரண்டு குமிழ்கள் வந்து நின்றால் பயமில்லை. ரேஸ் கொடுக்கக் கொடுக்கத் தொடர்ந்து குமிழ் வந்தால், இன்ஜின் புகை தண்ணீரில் கலக்கிறது. சூடாவதற்குள் சோதனையை முடித்துவிடுங்கள். ஆயில் குச்சியில் பால் கலந்த தேநீர் நிறம் தெரிவது, வெளியே ஒழுகாமலேயே தண்ணீர் குறைவது, வெள்ளைப் புகை நிற்காமல் வருவது ஆகியவையும் அதன் அடையாளங்கள். இவை இருந்தால் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும். ஹெட்டைக் கழற்றினால், அது வளைந்திருக்கிறதா என்று லேத் பட்டறையில் பார்த்த பிறகே புது கேஸ்கட் போட வேண்டும்.

வயலில் முள் சிவப்புக்குப் போனால் ரோட்டவேட்டரைத் தூக்கி, பளுவை விட்டு, சில நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டு நிறுத்துங்கள். பெல்ட் அறுந்திருந்தாலோ, தண்ணீர் கொட்டியிருந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். தண்ணீரே இல்லாதபோது மீட்டர் முள் குறைவாகவும் காட்டலாம். முள்ளை மட்டும் நம்ப வேண்டாம்.

நாற்று முற்றும் கவலை இருப்பதால், ரேடியேட்டர் சுத்தத்தையும் குமிழ் சோதனையையும் ஒரே காலையில் முடித்துவிடுங்கள். குமிழ் இல்லை, வெளிச்சம் தெரிகிறது என்றால், அன்றே குறைந்த ஆழத்தில் ஒரு மணி நேரம் உழுது பாருங்கள். முள் நடுவிலேயே நின்றால் உழவைத் தொடரலாம்.