பையில் இருந்ததும் மனத்தில் இருந்ததும்

சென்ற தீபாவளி விடுமுறையில் உக்கடத்திலிருந்து பொள்ளாச்சிக்குப் பேருந்தில் சென்றேன். நெரிசலில் நின்றிருந்த பெரியவர் ஒருவர், "கண்ணு, இந்தப் பையைக் கொஞ்சம் மடியில வெச்சுக்கோ சாமி" என்று நீட்டினார். வாங்கி வைத்துக்கொண்டேன். கிணத்துக்கடவில் அவர் இறங்கும்வரை உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. நம் ஊரில் யார் கேட்கிறார்கள்?

அந்தப் பையில் கஞ்சா இருந்து, வழியில் சோதனை நடந்திருந்தால் என் கதி என்ன?

குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியது அரசுத் தரப்பே என்பது பொது விதி. ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டத்தில் 35ஆம் பிரிவு இதைத் தலைகீழாக்குகிறது. குற்ற மனம் இருந்ததாக நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டுவது குற்றஞ்சாட்டப்பட்டவர் பாடு. அதையும் நியாயமான ஐயத்துக்கு இடமின்றிக் காட்ட வேண்டும் என்கிறது அப்பிரிவு. கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டுக் கடுங்காவல்.

"இப்படி ஒரு விதி இல்லாவிட்டால் கடத்தல்காரன் ஒவ்வொருவனும் 'எனக்குத் தெரியாது' என்று தப்பிவிடுவானே!" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். போதையால் சீரழிந்த குடும்பங்களை நாமும் அறிவோம். ஆனால் பை சுமப்பவன் பெரும்பாலும் முதலாளி அல்லன்; கூலிக்காரனோ, ஓட்டுநரோ, நம்மைப் போன்ற மாணவனோதான்.

உச்ச நீதிமன்றமும் இதை உணர்ந்தது. 1997இல் திராட்சைப் பெட்டியில் ஹெராயின் கொண்டுவந்ததாக அமிர்தசரஸ் விமான நிலையத்தில் பிடிபட்ட ஆப்கானியர் நூர் ஆகாவின் வழக்கில், 2008இல் தீர்ப்பளித்தது. அப்பிரிவு செல்லும், ஆயினும் அடிப்படை உண்மைகளை முதலில் அரசுத் தரப்பு ஐயமற நிறுவ வேண்டும், குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் விளக்கம் நம்பத்தக்கது என்று காட்டினாலே போதும் என்றது. அவர் விடுதலையானார்.

இங்கிலாந்தில் இத்தகைய வழக்கில் நீதிபதி ஜூரர்களைப் பார்த்து, எதை யார் மெய்ப்பிக்க வேண்டும் என்று வாய்திறந்து விளக்குகிறார். லாம்பர்ட் என்பவர் பையில் கொக்கேயினுடன் பிடிபட்ட வழக்கில், அந்த விளக்கம் சரிதானா என்பது 2001இல் பிரபுக்கள் சபை வரை சென்றது. நம் நாட்டில் 1959இல் நானாவதி வழக்கு ஜூரி முறையின் மீதிருந்த நம்பிக்கையைக் குலைத்தது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜூரிக்கு இடமே வைக்கவில்லை. இங்கே நீதிபதி தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர் சரியாகச் சொல்லிக்கொண்டாரா என்று நாம் எப்படி அறிவது?

ஆகவே என் கருத்து இது: ஜூரர்களுக்குச் சொல்லியிருக்கக்கூடிய அந்த விளக்கத்தை நீதிபதி தம் தீர்ப்பிலேயே எழுத வேண்டும். பொருள் உண்மையில் இவரிடமிருந்துதான் கைப்பற்றப்பட்டதா? உள்ளே இருப்பது இவருக்குத் தெரியும் என்று காட்டும் சூழ்நிலை எது? இவர் தரும் விளக்கம் நடக்கக்கூடியதா? மூன்றுக்கும் எளிய சொற்களில் விடை இருந்தால், தண்டனை பெறுபவனுக்கும் காரணம் விளங்கும். மேல் நீதிமன்றமும் பிழையிருந்தால் காணும்.

கையில் சிலம்பு இருந்தது; அதுவே போதும் என்று கோவலனைக் கொன்றது மதுரை. தவறு தெரிந்தபோது மன்னனும் உயிர்விட்டான். ஆனால் கோவலன் திரும்பி வரவில்லை.

அடுத்த முறையும் யாரேனும் பெரியவர் பையை நீட்டினால் நான் வாங்கத்தான் போகிறேன். அதற்கு அஞ்ச வேண்டிய நிலைக்குச் சட்டம் என்னைத் தள்ளக்கூடாது.