ஏணியில் நிற்பவன் யாருடைய ஆள்?

நம் குடாநாட்டு நீரைப் பற்றிப் பேசாத படித்தவர் இல்லை. சுண்ணாம்புக் கல்லூடே ஊறிவரும் கிணற்று நீரின் வன்மை, தோட்டத்து உரத்தோடு இறங்கிய நைத்திரேற்று, சுன்னாகத்துக் கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்தமை என்று மணிக்கணக்கில் உரையாடுகிறோம். உரையாடி முடிந்ததும் ஒரு நீர்வடிகட்டியை வாங்கி வீட்டிற் பூட்டுவித்துக் கொள்கிறோம். அதனைப் பூட்ட வருகின்ற மனிதனைப் பற்றி மட்டும் நாம் பேசுவதில்லை. நானும் பேசியவனல்லன், என் பழைய மாணவன் ஒருவன் கூரையிலிருந்து விழும் வரை.

மழை ஓய்ந்த ஒரு காலை. மேல்மாடித் தண்ணீர்த் தாங்கியிலிருந்து வடிகட்டிக்குக் குழாய் இழுக்க ஏறியவன் பாசி வழுக்கி விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்தது. வடிகட்டியை விற்ற கம்பனியார் பழப்பை ஒன்றுடன் வைத்தியசாலைக்கு வந்து பார்த்தனர். அத்துடன் சரி. பிறகு கேட்டபோது, "அவர் எங்கள் ஊழியர் அல்லர், கொந்தராத்துக்காரர்" என்றனர். அவர்கள் அனுப்பிய வீட்டுக்கு, அவர்கள் கொடுத்த சட்டையை அணிந்து, அவர்கள் குறித்த கூலிக்குப் போனவன் கொந்தராத்துக்காரனாம்! "சேர், பெட்டிக்கு ஒரு வருச உத்தரவாதம் எழுதிக் குடுக்கினம். எனக்கு ஒண்டுமில்லை" என்று அவன் சிரித்தான். ஆசிரியர்களாகிய நாம் பட்டியல் போட்டுப் பணம் சேர்த்துக் கொடுத்தோம். கொடுத்த அன்று நமக்கு மனநிறைவும் உண்டாயிற்று. அந்த மனநிறைவை நினைக்க இன்று எனக்கு வெட்கமாயிருக்கிறது.

இதை இலகுவான வேலை என்று எண்ணுவோர் ஒருநாள் உடன் நின்று பார்க்கட்டும். ஓர் ஆள் உயரமுள்ள வடிகட்டித் தாங்கியில் மணலும் நீரும் நிரம்பினால் அதன் நிறை 100 கிலோவைத் தாண்டும். அதை இருவர் குசினி மூலைக்குள் நகர்த்துகின்றனர். சுவரைத் துளைக்கையில் உள்ளே மின்கம்பி எவ்வழி ஓடுகிறதென்று வீட்டுக்காரருக்கே தெரியாது, காலடியிலோ ஈரம். துளையிலிருந்து பறக்கும் சீமெந்துத் தூள் நெஞ்சிற் படிகிறது. கிணற்றைச் சுத்திகரிக்கும் குளோரின் தூளும் உப்புப்படிவைக் கரைக்கும் அமிலமும் ஒரே வாளியிற் கலந்துவிட்டால் எழுவது நச்சுவாயு. இவற்றைச் சொல்லிக்கொடுத்து வேலைக்கு அனுப்புவோர் எத்தனை பேர்?

நிற்க. சட்டம் இல்லையா என்பீர்கள். உண்டு. 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. உயிரிழப்புக்கும் ஊனத்துக்குமான நட்டஈட்டின் உச்சவரம்பு 2005 இல் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவாக்கப்பட்டது. 2022 இல் அது 20 இலட்சமாயிற்று. இடைப்பட்ட 17 ஆண்டுகளில் அரிசி விலை என்னவாயிற்று என்பதைக் கடைக்காரரிடம் கேளுங்கள். ஆயினும் உச்சவரம்பு அன்று இங்குள்ள பெருநோய். பொறுப்பை முதலாளியின் தலையில் வைத்த சட்டம், அப்பொறுப்புக்கு முற்கூட்டியே காப்புறுதி செய்யும்படி அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. மூன்று பேரும் ஒரு வானும் கொண்ட சிறு முதலாளி கையை விரித்தால், வென்ற வழக்கும் வெறுந்தாளே. பெரிய கம்பனியோ, இவன் என் வேலையாளே அல்லன் என்று தொடக்கத்திலேயே வாதாடும். ஊன்றுகோலுடன் நிற்பவன் முதலில் தான் ஒரு தொழிலாளி என்பதை நிரூபிக்க வேண்டும். 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமோ தொழிற்சாலையை நோக்கி எழுந்தது. என் வீட்டுக் கூரைக்கு எந்தப் பரிசோதகரும் வரப்போவதில்லை.

ஜெர்மனியில் விபத்துக் காப்புறுதி 1884 இலேயே கட்டாயமாயிற்று. அதைக் கொண்டுவந்த பிஸ்மார்க் தொழிலாளரின் நண்பரல்லர். சோசலிஸ்டுகளை ஒடுக்கச் சட்டம் இயற்றியவர். அவர் கண்டுகொண்ட கணக்கு நம்மவருக்கு இன்னும் விளங்கவில்லை. முதலாளிமார் தொகையிட்டு ஒரு பொதுநிதி அமைத்தால், விழுந்தவன் எவர் வாசலிலும் நிற்கத் தேவையில்லை. அந்நிதியில், கொந்தராத்து என்ற பெயரால் வேலைசெய்விக்கும் கம்பனியும் செலுத்தியே ஆகவேண்டும்.

"அவன் கவனமாக ஏறியிருக்கலாமே" என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் இடதுசாரி, மேதினத்தன்று சிவப்புச் சட்டை அணிபவர். ஒரு பூட்டலுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்பட்டவன் கூரை காயும் வரை காத்திருந்தால் அன்றைய இரண்டாவது வீட்டை இழப்பான். அவனுடைய அவசரம் அவனுடைய சுபாவம் அன்று, கூலிமுறையின் விளைவு. இடுப்புப் பட்டியும் கயிறும் கொடாதவரை விட்டுவிட்டு, வழுக்கிய காலைக் குற்றஞ்சாட்டுவது யாருக்கு வசதியென்று சொல்லவும் வேண்டுமோ?

நமது தொழிற்சங்கங்களும் இதில் தப்ப முடியாது. தோட்டத்திலும் துறைமுகத்திலும் ஆயிரவரை ஒன்றுதிரட்டிய அனுபவம் அவற்றுக்குண்டு. வீடுவீடாகச் சிதறி வேலைசெய்யும் இவர்களைத் தேடிச்செல்ல மட்டும் ஆளில்லை. சந்தா சேராது என்பது காரணமாயின் அதையாவது வெளிப்படையாகச் சொல்லட்டும்.

அடுத்த மாதம் எங்கள் பாடசாலைக்கு ஒரு வடிகட்டி வருகிறது. பூட்ட வருவோருக்கு விபத்துக் காப்புறுதி உண்டென்பதற்கு எழுத்திற் சான்று தரும் கம்பனியிடமே வாங்க வேண்டுமென்று அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திற் கேட்டேன். அப்படியானால் விலை கூடுமே என்றார் ஒருவர். கூடும் என்றேன். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.